அம்மாவின் பிஸ்கட் டின்

"வீட்டில் என்னென்ன மருந்து குடிக்கிறார்?" என்று ஆஸ்பத்திரி வாட்டில் அந்த இளம் டொக்டர் சிங்களத்தில் கேட்டார். நான் அம்மாவிடம் தமிழில் கேட்டேன். "பிரஷர் குளிசை மட்டுந்தான்" என்றார் அம்மா. ஒரு கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெளிறிக் கிடந்தது.

அம்மா பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் கிளினிக்கில் கொடுப்பதுதான் மருந்து. வலிக்குப் போடுவது அதில் சேராது. அது வெற்றிலை பாக்கு மாதிரி, தேயிலை மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் மடியில் வைத்திருக்கும் ஒன்று.

டொக்டர் விடவில்லை. முழங்காலுக்கு ஏதாவது? இடுப்புக்கு? உடம்பு வலிக்கு? ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போதுதான் "ஆமா, முட்டி வலிக்குப் போடுவேன்" என்று மெதுவாக வந்தது. எத்தனை நாளாக? "தைப்பொங்கலுக்கு முந்தியிருந்து." அது 2022 ஜூலை மாதம். ஆறு மாதத்துக்கும் மேல்.

மறுநாள் தம்பி மனைவி சாமித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் டின்னை அப்படியே கொண்டுவந்தார். கட்டிலில் கொட்டினேன். பாமசியில் போட்டுத் தரும் சின்ன வெள்ளைத் தாள் உறைகள், ஏழோ எட்டோ இருக்கும். சிலவற்றில் "காலை 1, இரவு 1" என்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. ஒன்றில் முழங்கால் மாதிரி ஒரு வளைந்த கோடு வரைந்திருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அடையாளமாக. மருந்தின் பெயர் ஓர் உறையில்கூட இல்லை. உள்ளே சிவப்புப் பூச்சுப் பூசிய சின்ன மாத்திரைகள், இளஞ்சிவப்பில் கொஞ்சம் பெரியவை, வெள்ளையில் நீளமானவை. டொக்டர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். டின்னின் அடியில் இரண்டு வெட்டிய மாத்திரை அட்டைகள் கிடந்தன. அவற்றை வைத்துத்தான் பெயரைப் பிடித்தார். சிவப்பு, டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம். இளஞ்சிவப்பு, வேறு கம்பனிப் பெயரில் வந்த அதே டைக்ளோஃபெனாக், மெதுவாகக் கரையும் 100 மில்லிகிராம். வெள்ளை, இபுப்ரோஃபென் 400. அது எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அக்கா கொடுத்தது.

அம்மா அவற்றை மூன்று வேறு மருந்து என்று நினைத்திருந்தார். சிவப்பு காலையிலும் மத்தியானமும், இளஞ்சிவப்பு இரவில், வலி கூடிய நாளில் வெள்ளை. டைக்ளோஃபெனாக் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அம்மா 200 எடுத்திருக்கிறார், அதற்கு மேல் அதே குடும்பத்து இபுப்ரோஃபெனும். இந்தக் குடும்பத்து மருந்துகள் இரண்டைச் சேர்த்தால் வலி இரண்டு மடங்கு குறையாது. ஆபத்துத்தான் கூடும்.

முதல் உறை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அது கள்ளத்தனமாக வாங்கியதில்லை. டவுனில் ஒரு தனியார் டொக்டரிடம் போய், காசு கட்டி, மருந்துத் துண்டு எழுதி வாங்கியது. ஐந்து நாளைக்கு டைக்ளோஃபெனாக், சாப்பிட்ட பிறகு இரண்டு வேளை. அதோடு வயிற்றைக் காக்க ஒமெப்ரசோல், காலையில் வெறும் வயிற்றில். அந்தத் துண்டில் தவறு அதிகம் இல்லை. ஆனால் அம்மா கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகவில்லை. பிரஷருக்கு லொசார்டன் குடிக்கிறார் என்பது அந்த டொக்டருக்குத் தெரியாது, அவர் கேட்கவும் இல்லை. அப்புறம் பாமசியில் விலை சொன்னார்கள். நாடு பொருளாதார நெருக்கடிக்குள் போய்க்கொண்டிருந்த நேரம். ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். பாமசியில் இன்று ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. அம்மாவுக்கு அப்போது ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா, அதுவும் பேர் விழுந்தால், அதாவது முழு நாள் வேலையாகக் கணக்கில் விழுந்தால். "வயித்துக் குளிசை வேணாம், வலிக் குளிசைய மட்டும் தாங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர்களும் கொடுத்துவிட்டார்கள்.

ஐந்து நாளில் வலி நின்றது. ஆறாம் நாள் திரும்ப வந்தது. துண்டு கையில் இருந்தது. அதே துண்டைக் காட்டி இன்னும் பத்து, அப்புறம் இன்னும் இருபது. துண்டு கசங்கி மடிப்பில் கிழிந்த பிறகு அது தேவைப்படவே இல்லை. "முட்டி வலிக்குக் குடுங்க" என்றால் போதும். வேறொரு பாமசியில் அப்படிக் கேட்டபோதுதான் இளஞ்சிவப்பு வந்தது.

ஏன் இவ்வளவு விடாப்பிடியாக எடுத்தார் என்று தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். எங்கள் தோட்டத்தில் அப்போது ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப்பேர். முழங்கால் மடங்காதவரால் சரிவில் நின்று 18 கிலோ எடுக்க முடியாது. காலையில் ஒரு மாத்திரை போட்டால் முடியும். அம்மாவுக்கு அது முழுப் பேருக்கான மாத்திரை. இதைப் புரிந்துகொள்ளாமல் "ஏன் கண்டபடி போட்டீர்கள்" என்று யாராவது திட்டினால் எனக்குக் கோபம் வரும். அன்று நானும் அப்படித்தான் திட்டினேன் என்பது இன்னும் மனதில் குத்துகிறது.

உடம்பு முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கிளினிக் கொப்பியைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். ஜனவரியில் பிரஷர் 130க்கு 80. மார்ச்சில் 150க்கு 90. மே மாதம் 164க்கு 96. அதே மாதம் லொசார்டனோடு "நீர் போகும் குளிசை" ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். கணுக்கால் வீங்குகிறது என்றும் எழுதியிருந்தது. இந்த வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேங்க வைக்கும், பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். அதாவது ஒரு மருந்து செய்த கெடுதிக்கு இன்னொரு மருந்து கொடுக்கப்பட்டது. கிளினிக்கில் ஒரு காலைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறார்கள், அவர்கள்மேல் பழி போட நான் இதை எழுதவில்லை. ஆனால் யாராவது ஒருவர் "வலிக்கு என்ன போடுகிறீர்கள்" என்று கேட்டிருந்தால், அல்லது அம்மா சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தால், கதை மே மாதத்தோடு நின்றிருக்கும்.

பிறகு களைப்பு வந்தது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. வயது என்றார்கள். நான்கு நாளாக மலம் தார் மாதிரிக் கறுத்து, பிசுபிசுவென்று, ஒரு மாதிரி நாற்றத்தோடு போயிருக்கிறது. அதை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்ற வெட்கம். அதோடு வயிறு வலிக்கவே இல்லை. இது முக்கியமான விஷயம். புண் இருந்தால் வயிறு வலிக்கும் என்றுதான் நாமெல்லாம் நினைக்கிறோம். இந்த மருந்துகளால் வரும் புண், குறிப்பாக வயதானவர்களில், சத்தமே போடாமல் இருந்து நேராக இரத்தப்போக்கில் வந்து நிற்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பீலியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே விழுந்தார். ஹட்டனில் இருக்கும் எனக்குப் போன் வந்தது. ஆட்டோக்காரர் யாரிடமும் பெட்ரோல் இல்லை. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தோம். அம்புலன்ஸ் மேல் ரோட்டு வரைதான் வரும். லயத்திலிருந்து ரோட்டுக்கு நான்கு பேர் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் 5.9க்கு இறங்கிவிட்டது என்றார்கள். மூன்று பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள். கண்டிக்கு அனுப்பி, வாய் வழியாகக் கெமரா விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் இரண்டு புண். கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.1க்கு ஏறியிருந்தது. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஒரு கிருமி உண்டு, அதற்கும் சோதித்தார்கள். அம்மாவுக்கு அது இல்லை. எல்லாமே மாத்திரை செய்த வேலை.

கண்டியில் ஒரு டொக்டர், அம்மாவுக்குத் தமிழில் புரிய வைக்க முயன்றார், முடியவில்லை, பிறகு எனக்குப் பொறுமையாகச் சொன்னார். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், ஆனாலும் அன்றைக்குத்தான் எனக்கு இது தெளிவாக விளங்கியது. அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்க உடம்பு புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நப்ரொக்சென், மெஃபெனமிக் அசிட் எல்லாம் அந்தத் தயாரிப்பை நிறுத்துகின்றன. இதை 1971இல் கண்டறிந்தவர் இங்கிலாந்து விஞ்ஞானி ஜோன் வேன். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். பிரச்சினை என்னவென்றால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவர்மேல் பூசியிருக்கும் சளிப் படலத்தையும் காத்து நிற்கிறது. உடம்பில் நீர் குறையும்போது கிட்னிக்குப் போகும் இரத்தக் குழாயை விரித்துப் பிடிப்பதும் அதுதான். முழங்காலில் மட்டும் நிறுத்து, வயிற்றிலும் கிட்னியிலும் விட்டுவிடு என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது.

இதைக் கேட்டபோது எனக்கு வேறொன்று உறைத்தது. அம்மா மலையில் நிற்கும்போது தண்ணீர் குடிக்கமாட்டார். குடித்தால் ஒதுங்க இடம் இல்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் பலரும் அப்படித்தான், காலைச் சாயத்தண்ணியோடு மத்தியானம் வரை ஓட்டுவார்கள். லொசார்டன், நீர் போகும் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் கிட்னி கெடும் ஆபத்து கூடும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அந்த உடம்பு வெயிலில் நீரில்லாமலும் நின்றால்? பிரஷர் மருந்து குடித்துக்கொண்டே மலைக்குப் போகும் பெண்கள் எங்கள் லயத்திலேயே ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் இதைத் தனித்தனியாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

அன்றிலிருந்து நாங்கள் கடைப்பிடிப்பவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பெயர். எந்த மாத்திரையை வாங்கினாலும் உறையில் மருந்தின் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறோம். கம்பனி வைத்த பெயர் போதாது. கம்பனிப் பெயர் பத்து இருக்கும், உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாக இருக்கும். பேராதனை மருத்துவ பீடத்தில் பேராசிரியராக இருந்த சேனக பிபிலே ஐம்பது வருடத்துக்கு முன்பே இந்த நாட்டில் இதற்காகத்தான் போராடினார். மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்ல, மருந்தின் சொந்தப் பெயரால் எழுத வேண்டும், வாங்க வேண்டும் என்றார். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவருடைய முயற்சி. விலை குறைவதற்காக அவர் அதைச் செய்தார் என்றுதான் பாடத்தில் படித்தேன். அம்மாவின் டின்னைப் பார்த்த பிறகு, பெயர் தெரிந்திருப்பது உயிரையும் காக்கும் என்று எனக்குப் புரிந்தது.

உறையில் எழுதித் தர மறுத்தால், மாத்திரையை அட்டையோடு தரும்படி கேளுங்கள். அட்டையை வெட்டினாலும் பெயர் உள்ள பக்கம் நமக்கு வர வேண்டும். அதையும் மறுக்கும் கடைக்கு நான் இரண்டாம் முறை போவதில்லை. துண்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகள் என்று சட்டத்தில் ஒரு வகுப்பே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் பாமசிக் கவுண்டரில் நிற்கும்போது சட்டம் நம் பக்கத்தில் வந்து நிற்காது. கேட்பது நாம்தான்.

கிளினிக் கொப்பி இல்லாமல் அம்மா இப்போது எந்த டொக்டரிடமும் போவதில்லை. கொப்பியின் பின் அட்டையில் நான் பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: வயிற்றுப் புண்ணில் இரத்தம் போனது, மாதம், ஆண்டு, டைக்ளோஃபெனாக்கும் அதன் குடும்பமும் கொடுக்க வேண்டாம். ஆங்கிலத்தில் ஏன் என்றால், வாட்டில் இரவில் இருக்கும் டொக்டருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், அம்மாவுக்கு அந்த நேரம் பேச முடியாமலும் இருக்கலாம். அதே பக்கத்தைப் படமெடுத்துத் தம்பியின் போனிலும் என் போனிலும் வைத்திருக்கிறோம்.

அப்புறம் நான் அடிக்கடி கேட்கும் சில பேச்சுகள். "சோறு தின்னுட்டுப் போட்டா ஒண்ணும் செய்யாது." சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையலாம், ஆனால் புண் வராது என்று அர்த்தம் இல்லை. மருந்து இரத்தத்தில் சேர்ந்த பிறகும் சளிப் படலத்தைக் கெடுக்கிறது. அதனாலேயே "ஊசி போட்டா வயித்துக்குப் பாதிப்பில்ல" என்பதும் சரியில்லை. பூச்சுப் பூசிய மாத்திரையும் அப்படித்தான், பின்பக்கம் வைக்கும் மருந்தும் அப்படித்தான். உண்மையில் வயிற்றைக் காப்பது, ஆபத்து உள்ளவர்களுக்கு அதனோடு சேர்த்துக் கொடுக்கும் ஒமெப்ரசோல் மாதிரியான மருந்து. துண்டில் இரண்டு எழுதியிருந்து ஒன்றை மட்டும் வாங்கக் காசு இருந்தால், "எதை விடலாம்" என்று டொக்டரிடம் திரும்பிப் போய்க் கேட்க வேண்டும். கவுண்டரில் நின்று நாமே முடிவெடுக்கக் கூடாது. காசில்லை என்று டொக்டரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. தெரிந்தால் வேறு வழி சொல்வார்கள். அம்மாவுக்குப் பரசிட்டமோலே போதுமாக இருந்திருக்கலாம்.

வயிற்றைக் கெடுக்காத புது வலி மாத்திரை என்று சொல்லி விற்பதும் உண்டு. அந்த வகை இரைப்பைக்குக் கொஞ்சம் இதமானது என்பது உண்மை. ஆனால் அந்த வகையில் வந்த ரோஃபெகொக்சிப் என்ற மருந்தை மாரடைப்பு, பக்கவாத ஆபத்துக் காரணமாக 2004இல் கம்பனியே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. டைக்ளோஃபெனாக்குக்கும் அதே மாதிரியான இருதய ஆபத்து உண்டு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் எச்சரித்தது. நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள், முன்பு பக்கவாதம் வந்தவர்கள் இதைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது. ஆனால் ஒன்று. இருதயத்துக்கென்று டொக்டர் கொடுத்த சின்ன அஸ்பிரினை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு, நிறுத்துவதே ஆபத்து. அதைக் குடிப்பவர்கள் கூடவே இபுப்ரோஃபென் போட்டால் அஸ்பிரினின் வேலை கெடலாம், இரத்தம் போகும் ஆபத்தும் கூடும். அதை மட்டும் கவனியுங்கள்.

கர்ப்பிணிகள், குறிப்பாக ஐந்து மாதத்துக்குப் பிறகு, இவற்றைத் தொடக் கூடாது. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் கிட்னியைப் பாதிக்கும். இழுப்பு உள்ள சிலருக்கு இந்த மாத்திரை ஒன்று போட்டாலே மூச்சு அடைக்கும், எங்கள் குளிரில் இழுப்புக்காரர் அதிகம். பிள்ளைகளுக்குக் காய்ச்சலென்று அஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

காய்ச்சல் என்றதும் தம்பியைச் சொல்ல வேண்டும். கொழும்பில் கடையில் வேலை. அடுத்த வருடம் ஒரு நாள் காய்ச்சலோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் முறித்துப் போட்ட மாதிரி. டெங்கு என்றாலே கொழும்பு, கம்பஹா என்று நாங்கள் நினைக்கிறோம், மலைக் குளிரில் நுளம்பு குறைவு என்று. ஆனால் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் அதை உடம்பில் கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். 2017இல் நாடு முழுக்க 1,86,000க்கு மேற்பட்டோருக்கு வந்த நோய் அது. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடு, "அம்மா போட்ட அந்தச் செவப்பு இருந்தா ஒண்ணு குடு, வலி டக்குனு விட்ரும்" என்றார். அம்மா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து, "வேணவே வேணாம்" என்று கத்தினார். பரசிட்டமோல் மட்டும் கொடுத்தோம், எடைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நிறையத் தண்ணீர், கஞ்சி, இளநீர். மூன்றாம் நாள் இரத்தம் சோதித்தபோது டெங்குதான். இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகள் குறைந்துகொண்டிருந்தன. அந்த நேரத்தில் வயிற்றிலிருந்து இரத்தம் போக வைக்கும் ஒரு மாத்திரை உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. எலிக்காய்ச்சலிலும் இப்படித்தான், அது ஏற்கெனவே கிட்னியைத் தாக்கும் நோய். என்ன காய்ச்சல் என்று தெரியும் வரை பரசிட்டமோலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

பரசிட்டமோலுக்கும் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது, மெலிந்தவர்களுக்கு அதிலும் குறைவு. தடிமன் மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், அதையும் சேர்த்து எண்ண வேண்டும். சாராயம் குடிப்பவர்கள் ஈரலை நினைத்து இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இந்த மருந்துகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்னோடு படிப்பிக்கும் ஒரு சேருக்கு முதுகெலும்பில் மூட்டு வாதம். காலையில் எழுந்தால் மரக்கட்டை மாதிரி இருப்பார். இந்தக் குடும்பத்து மாத்திரை ஒன்றில்தான் அவர் நடமாடுகிறார், கரும்பலகையில் எழுதுகிறார். ஆனால் அவருக்கு ஒரே டொக்டர், ஒரே மாத்திரை, கூடவே வயிற்றுக்கு மருந்து, குறித்த காலத்துக்கு ஒருமுறை கிரியேட்டினினும் பிரஷரும் பார்க்கிறார்கள். நல்ல நாள்களில் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கும் அவருக்கும் கொடுக்கப்பட்டது ஏறக்குறைய ஒரே மருந்து. அவரை யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவை ஐந்தாம் நாளுக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. துண்டோடு வாங்கியதா, துண்டில்லாமல் வாங்கியதா என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது.

அம்மாவின் முழங்காலுக்கு இப்போது என்ன செய்கிறோம்? பிசியோதெரபி மிஸ் ஒருவர் கற்றுக் கொடுத்தது: காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து வரை எண்ணி விடுவது. ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். தொடைச் சதை பலமானால் முட்டியின் பாரம் குறையும். முதல் மூன்று கிழமை ஒன்றும் தெரியவில்லை, அம்மா சலித்துக்கொண்டார். இரண்டாம் மாதம் கோயில் படியில் கைப்பிடியை விட்டு ஏறினார். குளிர் நாளில் வெந்நீர் ஒத்தடம். இறங்கும்போது ஊன்றிக்கொள்ள ஒரு கம்பு. டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தோலில் பூசினால் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, அதையும் கிளினிக்கில் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே பூசுகிறார். அதிகம் வலிக்கும் நாளில் பரசிட்டமோல். கிரியேட்டினின் 1.2க்கு இறங்கிவிட்டது. நீர் போகும் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், தேவையே இருக்கவில்லை.

வலி முழுதாகப் போகவில்லை. மழைக் காலத்தில் இரவில் முனகுவது கேட்கும். முழுப் பேருக்கு அம்மா இப்போது ஓடுவதில்லை. குறையும் பணத்தைத் தம்பியும் நானும் அனுப்புகிறோம். எல்லா வீட்டிலும் அப்படி அனுப்ப ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை லயத்துக்குப் போயிருந்தேன். பக்கத்துக் காம்பரா அக்கா வந்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஓர் உறையை எடுத்து நீட்டினார். "இது என்னா மருந்துன்னு பாருங்க டீச்சர். இடுப்பு வலிக்குக் குடுத்தாங்க." உறையில் "இரவு 1" என்று மட்டும் எழுதியிருந்தது. உள்ளே சின்னச் சிவப்பு மாத்திரை நான்கு. அக்காவுக்கும் பிரஷர் இருக்கிறது. நான் பதில் சொல்வதற்கு முன் அம்மா அந்த உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "பேரு இல்லியே. நாளைக்கு ரெண்டு பேரும் போயி பேர எழுதி வாங்கிட்டு வருவோம், ஒங்க கொப்பியையும் எடுத்துக்கங்க" என்றார்.